இது எப்படித் தெரியும், அத்தை?

மேட்டூர் அணையில் தண்ணீர் நன்றாக இறங்கிவிட்டால் பண்ணவாடிப் பக்கம் நீருக்குள்ளிருந்து ஒரு நந்தி வெளியே வரும். முங்கிப்போன ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தி. பழைய தேவாலயத்தின் கோபுரங்களும் தெரியும். சேலத்துக்காரர்களுக்கு இது புதிதல்ல. கோடையில் செய்தித்தாளில் படம் வரும், பார்த்துவிட்டு அடுத்த பக்கம் புரட்டிவிடுவோம். ஒரு வருடம் அண்ணன் குடும்பத்தோடு நேரிலேயே போனோம். வெடித்துக் கிடந்த வண்டல் தரையில் நடந்துபோய் நந்தியைத் தொட்டுப் பார்த்த அண்ணன் மகள், அப்போதுதான் எட்டாவது முடித்திருந்தாள், என்னிடம் கேட்டாள்: "இந்த ஊர்ல இருந்தவங்கல்லாம் எங்க போனாங்க அத்தை?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். 1925ல் கட்ட ஆரம்பித்தார்கள், 1934ல் முடித்தார்கள், 120 அடி வரை நீர் நிற்கும், கொள்ளளவு 93.47 டி.எம்.சி., தஞ்சாவூர் வரைக்கும் பாசனம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் அணையைப் பத்தி. இங்க இருந்தவங்க?" என்றாள்.

பதில் இல்லை. திரும்பி வரும்போது பேருந்தில் அவள் தூங்கிவிட்டாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. இந்த வயதுப் பிள்ளைக்கு வரலாறும் சமூக அறிவியலும் சொல்லித் தருகிற நல்ல புத்தகங்களைத் தேட வேண்டும் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

நான் ஆசிரியை இல்லை. அம்மாபேட்டையில் தறிச் சத்தத்தில் வளர்ந்தவள், இப்போது ஓர் அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் மகள் பாப்பாவும் எங்கள் தெருவில் நாலைந்து பிள்ளைகளும் வீட்டுக்கு வருவார்கள். பதிமூன்றிலிருந்து பதினாறு வயது. சேர்ந்து படிப்போம், பேசுவோம். இப்படி மூன்று வருடம் ஓடிவிட்டது. எந்தப் புத்தகம் நின்றது, எது நிற்கவில்லை என்று இத்தனை நாள் பார்த்ததை எழுதிவைக்கத் தோன்றியது. என்னைப் போல யாராவது அண்ணன் மகளுக்கோ தங்கை மகனுக்கோ புத்தகம் தேடிக்கொண்டிருந்தால் உதவும்.

முதலில் நான் செய்த தவறு. பாப்பாவின் பிறந்தநாளுக்கு எழுநூறு பக்கத்தில் ஓர் உலக வரலாறு வாங்கிக் கொடுத்தேன். கெட்டி அட்டை, வண்ணப் படங்கள், நல்ல விலை. ஒரு மாதம் கழித்துப் போனபோது அது அலமாரியில் இருந்தது, உள்ளே வைத்திருந்த நூல் கயிறு முப்பத்திரண்டாம் பக்கத்தில் நின்றிருந்தது. அவளுக்குப் படிக்கச் சோம்பல் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் ஒருநாள் நானே அந்த முப்பத்திரண்டாம் பக்கத்தைத் திறந்து படித்தேன். ஒரே பக்கத்தில் பதினொரு அரசர்களின் பெயர், ஆறு போர், ஒன்பது ஆண்டுகள். அந்தப் பக்கத்தில் மனிதர் என்று ஒருவர்கூட இல்லை. யாரும் பசித்திருக்கவில்லை, யாரும் பயப்படவில்லை, யாரும் எதையும் தப்பாக முடிவு செய்யவில்லை. அவள் நிறுத்திய இடம் சரியான இடம்தான்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். மாவட்ட மைய நூலகத்திலானாலும் சரி, புத்தகக் கண்காட்சியிலானாலும் சரி, முன்னுரையைப் படித்து முடிவு செய்வதில்லை. நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து வாய்விட்டுப் படிப்பேன். கடையில் கொஞ்சம் கூச்சமாக இருக்கும், இருந்தாலும் முணுமுணுப்பாகவாவது படிப்பேன். வாயில் தடுக்குகிற வாக்கியம் பிள்ளையின் கண்ணிலும் தடுக்கும். ஆங்கிலத்திலிருந்து சொல்லுக்குச் சொல் பெயர்த்த புத்தகங்கள் முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும். வினைச்சொல் வருவதற்குள் மூச்சு முட்டிவிடும்.

ஆனால் எளிமையான தமிழ் மட்டும் இருந்தால் போதாது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் ஆனது. பஞ்சத்தைப் பற்றிப் படித்தபோதுதான் புரிந்தது.

எங்கள் வீட்டில் யாராவது சோற்றைத் தட்டில் மிச்சம் வைத்தால் என் பாட்டி "தாது வருசத்துல பொறந்திருந்தா தெரியும்" என்பார். பாட்டியும் தாது வருடத்தில் பிறந்தவர் இல்லை. அவருடைய பாட்டி சொல்லிக் கேட்டது. 1876 முதல் 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் சேலமும் ஒன்று. அதைப் பற்றி நூலகத்தில் இரண்டு புத்தகங்கள் எடுத்தேன். இரண்டும் மாணவர்களுக்காக எழுதியவை, இரண்டும் எளிய தமிழ். ஒன்றில் இந்தப் பஞ்சம் மூன்று வரி. மழை பொய்த்தது, பஞ்சம் ஏற்பட்டது, லட்சக்கணக்கானோர் உயிரிழந்தனர், நிவாரணப் பணிகள் மேற்கொள்ளப்பட்டன. இன்னொன்றில் எட்டுப் பக்கம். மழை எப்போது நின்றது, விலை எப்படி ஏறியது, 1877 ஜனவரி 1ஆம் தேதி விக்டோரியாவை இந்தியாவின் பேரரசியாக அறிவிக்க டெல்லியில் நடந்த தர்பார், அதே சமயத்தில் இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்த தானியக் கப்பல்கள், செலவைக் குறைக்க வந்த ஆங்கிலேய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் வேலை செய்கிற ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று நிர்ணயித்தது.

முதல் புத்தகத்தில் எல்லாம் தானாக நடக்கிறது. ஏற்பட்டது, நேர்ந்தது, மேற்கொள்ளப்பட்டது. யார் செய்தார் என்று கேட்டால் அந்த வாக்கியங்களில் ஆளே கிடையாது. இரண்டாவதில் ஆள் இருக்கிறார், அவர் எடுத்த முடிவு இருக்கிறது, அந்த முடிவு ஒருவருடைய கஞ்சிக் கலயத்தில் போய் எப்படி விழுந்தது என்றும் இருக்கிறது.

ஒரு பவுண்டு என்றால் சுமார் 450 கிராம். சமையலறைத் தராசை எடுத்து வந்து பிள்ளைகளை அரிசி எடைபோடச் சொன்னேன். முறத்தில் கொட்டிப் பார்த்துவிட்டு, "இது நெறைய இருக்கே அத்தை, ஒரு ஆளுக்கு இவ்வளவு சோறா?" என்றாள் பாப்பா. சரியான கேள்வி. உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 450 கிராம் அரிசியில் 1,600 கலோரி அளவுக்குக் கிடைக்கும். பருப்பு, எண்ணெய், காய் எதுவும் கிடையாது. கூடவே கொடுத்த சில்லறையில் வாங்கிக்கொள்ள வேண்டும். விலையோ எட்டாத உயரத்தில். நாள் முழுக்கக் கல் உடைத்து மண் சுமக்கிறவருக்கு இதைப்போல இரண்டு மடங்கு வேண்டியிருக்கும். அவரோ ஏற்கனவே பட்டினி கிடந்து எலும்பும் தோலுமாக வந்தவர். ஒரு பையன் அரிசியைக் கையால் அளைந்துகொண்டே இருந்தான், பேசவில்லை. அப்புறம் பாப்பா கேட்டாள்: "எத்தனை பேரு செத்தாங்கன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? அந்தக் காலத்துல யாரு எண்ணுனாங்க?"

அந்தப் புத்தகத்தில் அதற்கும் பதில் இருந்தது. அதனால்தான் அது என் மனதில் உயர்ந்து நிற்கிறது. 1871ல் ஒரு மக்கள்தொகைக் கணக்கு எடுத்தார்கள், அடுத்தது 1881ல். பத்து வருடத்தில் கூடியிருக்க வேண்டிய சேலம் மாவட்டத்தின் தொகை குறைந்திருக்கிறது. அந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் பஞ்சம் இருக்கிறது. இறப்புப் பதிவேடுகளை மட்டும் நம்ப முடியாது, ஊரைவிட்டுப் போனவர்களும் இருப்பார்கள், இலங்கைத் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்களும் இருப்பார்கள். இதையெல்லாம் ஆசிரியர் மறைக்காமல் சொல்லியிருந்தார்.

இப்போது நான் புத்தகத்தில் முதலில் தேடுவது இதைத்தான். தான் சொல்வது தனக்கு எப்படித் தெரியும் என்று அந்தப் புத்தகம் பிள்ளையிடம் சொல்கிறதா? பெரியவர்களுக்கான புத்தகத்தைப் பிள்ளைகளுக்காகச் சுருக்குகிறவர்கள் முதலில் வெட்டி எறிவது இந்தப் பகுதியைத்தான். முடிவை மட்டும் வைத்துக்கொண்டு வழியை அழித்துவிடுகிறார்கள். அப்புறம் பிள்ளைக்கு மனப்பாடம் செய்வதைத் தவிர வேறென்ன மிச்சம் இருக்கிறது? பதினான்கு வயதில் ஒரு பிள்ளை எல்லாவற்றையும் "யார் சொன்னது?" என்று கேட்கும். வீட்டில் நாம் அதை எதிர்த்துப் பேசுவது என்போம். வரலாறு படிக்க அதைவிட நல்ல குணம் கிடையாது.

ஏற்காட்டுக்கு ஒருமுறை எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனேன். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, ஏரியைச் சுற்றி, மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டுத் திரும்புகிற வழக்கமான பயணமாக இருக்கக் கூடாது என்று முன்கூட்டியே இரண்டு விஷயம் படித்துக்கொண்டு போனோம்.

ஒன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் பற்றியது. நிலவியல் துறையில் வேலை பார்த்தவர். 1863 மே மாதம் பல்லாவரத்தில் ஒரு கல்லைப் பார்த்து, இது தானாக உடைந்த கல் இல்லை, மனிதன் செதுக்கிய கைக்கோடரி என்று கண்டுகொண்டவர். இந்தியாவில் கற்கால மனிதனைப் பற்றிய படிப்பு அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. ஓய்வு பெற்றபின் அவர் வாழ்ந்தது ஏற்காட்டில். இந்தச் சேர்வராயன் மலையிலேயே வழவழவென்று தேய்த்த புதிய கற்காலக் கோடரிகள் கிடைத்திருக்கின்றன. அவர் சேர்த்த பெரும் தொகுப்பு சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனது.

பிள்ளைகள் அன்று முழுக்கத் தரையைப் பார்த்தபடியே நடந்தார்கள். ஆளுக்கு நாலு கல் பொறுக்கிக்கொண்டு வந்து நீட்டினார்கள். அவை கோடரி இல்லை, வெறும் கல்தான். ஆனால் "இது ஏன் கோடரி இல்லை?" என்று நாங்கள் அரைமணி நேரம் பேசினோம். தானாக உடைந்த கல்லில் ஓரங்கள் கண்டபடி இருக்கும். மனிதன் செதுக்கியதில் ஒரே பக்கமாக அடுத்தடுத்துச் சில்லு பெயர்ந்திருக்கும், கையில் பிடித்தால் ஒரு பக்கம் உட்காரும், ஒரு பக்கம் வெட்டும். ஒரு பெண் தன் கல்லைத் திருப்பித் திருப்பிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "உட்கார மாட்டேங்குது அத்தை" என்று தானே கீழே போட்டாள். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அந்தச் சமயத்தில் அவர்களுக்குக் கொடுத்தது நேரு 1928ல் தன் மகளுக்கு எழுதிய கடிதங்கள். மொத்தம் முப்பது. இந்திராவுக்கு அப்போது பத்து வயது, மசூரியில் இருந்தார். அப்பா அலகாபாத்தில். முதல் கடிதத்திலேயே ஒரு கூழாங்கல்லைக் காட்டி, இது எப்படி இவ்வளவு உருண்டையாக ஆனது என்று கேட்கிறார். கல்லையும் ஒரு புத்தகம் போலப் படிக்கலாம் என்று சொல்கிறார். ஏற்காட்டிலிருந்து வந்த அந்த வாரமே பாப்பா அதைப் படித்து முடித்துவிட்டாள். சின்னச் சின்னக் கடிதங்கள், ஒவ்வொன்றும் ஒரே மூச்சில் முடிகிறவை. எழுநூறு பக்கம் செய்யாததை அது செய்தது. ஆனால் ஒன்று சொல்லித்தான் கொடுத்தேன். ஆரியர், திராவிடர், இனம் என்று அதில் வருகிற பகுதிகள் 1928ல் இருந்த அறிவு. அப்போது சிந்துவெளி நாகரிகம் உலகத்துக்குத் தெரிய வந்து நாலு வருடம்தான் ஆகியிருந்தது.

புத்தகம் வெளியான வருடத்தைப் பார்க்கிற பழக்கமும் இதிலிருந்து வந்தது. பழங்காலத்தைப் பற்றிய புத்தகம் என்றால் பழையதாக இருந்தால் என்ன என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் சமீபத்தில் மாறியதெல்லாம் பழங்காலம்தான். சென்னைக்குப் பக்கத்து அத்திரம்பாக்கத்தின் ஒரு கட்டக் கற்கருவிகள் 3,85,000 ஆண்டுகள் வரை பழமையானவை என்று ஆய்வு வெளிவந்தது 2018ல். கீழடியைக் கி.மு. ஆறாம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோன அறிக்கை 2019ல். இரும்பின் காலம் பற்றித் தமிழ்நாடு தொல்லியல் துறையின் அறிக்கை 2025 ஜனவரியில். இரும்பு விஷயத்தில் நம் மாவட்டத்துக்கும் பங்கு உண்டு. மேட்டூர் பக்கத்து மாங்காட்டில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 1600க்கும் 1400க்கும் இடைப்பட்டது என்று கணித்திருக்கிறார்கள். அப்பா இரும்பாலையில் வேலை பார்க்கிற ஒரு பையன் இதைக் கேட்டுவிட்டு, சேலத்துக்குப் பக்கத்தில் இரும்புத் தாது இருக்கிற கஞ்சமலையைப் பற்றி ஏதாவது புத்தகம் இருக்கிறதா என்று கேட்டான். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஏற்காட்டுக்குப் போகுமுன் படித்த இரண்டாவது விஷயம் அந்த மலையின் மக்களைப் பற்றியது. இங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. பிள்ளைகளோடு படிக்க வருகிறவர்களில் ஒரு பையன் மலைக் கிராமத்திலிருந்து வந்து சேலத்தில் விடுதியில் தங்கிப் படிக்கிறவன். மலையாளி என்பது அவர்களுடைய பழங்குடியின் பெயர். மலையில் வாழ்கிறவர்கள் என்பதால் வந்த பெயர், பேசுவது தமிழ். சாதிச் சான்றிதழைப் பார்த்தவர்கள் எல்லாம் "கேரளாவா தம்பி?" என்று கேட்பார்களாம். அவன் சொல்லிச் சொல்லிச் சலித்துவிட்டான். அவனுக்காக நூலகத்தில் பழங்குடிகள் பற்றிய ஒரு சிறுவர் புத்தகத்தை எடுத்தேன். தேன் எடுப்பார்கள், வேட்டையாடுவார்கள், நிலா வெளிச்சத்தில் ஆடிப் பாடுவார்கள், கள்ளங்கபடம் அறியாதவர்கள். பக்கத்துக்குப் பக்கம் இதே. இதை அவன் கையில் எப்படிக் கொடுப்பேன்? அவன் அப்பா காப்பித் தோட்டத்தில் மிளகு பறிக்கப் போகிறவர், அக்கா செவிலியர் படிப்பு படிக்கிறாள்.

அந்தப் புத்தகத்தை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து இது எனக்கு ஒரு அளவுகோல். ஒரு சமூகத்தைப் பற்றிய புத்தகம் என்றால், அந்தச் சமூகத்துப் பிள்ளை அதை வகுப்பில் எழுந்து நின்று சத்தமாகப் படிக்க முடியுமா என்று யோசித்துப் பார்ப்பேன். தலைகுனியாமல் படிக்க முடியும் என்றால் வாங்கலாம்.

அவனிடமே கேட்டோம். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பிகளாக வந்து சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை என்று பிரிந்து குடியேறிய கதையைச் சொன்னான், அவன் தாத்தா சொன்னபடி. நூறு வருடத்துக்கு முந்தைய ஆங்கிலேயர் பதிவுகளிலும் இதே கதை இருக்கிறது என்று காட்டியபோது அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. அப்புறம் 1820களில் கலெக்டர் காக்பர்ன் காப்பிச் செடியை இந்த மலைக்குக் கொண்டுவந்த பின் நிலம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று பேச்சு நீண்டது. சமூக அறிவியல் என்றால் இதுதானே.

நிலம் என்றதும் இன்னொன்று. ரயத்துவாரி முறை என்று பாடத்தில் படித்திருப்பார்கள், தாமஸ் மன்றோ, 1820. தேர்வில் இரண்டு மதிப்பெண். ஆனால் அதற்கு இருபத்தெட்டு வருடம் முன்பே, 1792ல் திப்பு சுல்தானிடமிருந்து சேலமும் பாராமகாலும் (இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதி) கும்பினியின், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்ததும், அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாளராக இருந்த மன்றோவும் வயல் வயலாக அளந்து விவசாயியிடமே நேராக வரி வாங்கிப் பார்த்தது இந்த மண்ணில்தான். எந்தக் காட்டில் எவ்வளவு விளையும், யார் எவ்வளவு கட்ட வேண்டும் என்று எழுதிய கணக்குகள் அவை. இதைப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் எழுந்து வீட்டுக்குப் போய்த் தாத்தாவின் பட்டாவை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். ஓமலூர் பக்கம் அவர்களுக்கு இரண்டு ஏக்கர் மரவள்ளிக் காடு. பட்டாவில் புல எண், பரப்பு, தீர்வை என்று வரிசையாக இருந்தது. "தீர்வைன்னா அந்த வரிதானா?" என்று கேட்டாள். அதுதான். பாடத்தில் இருந்தது அவள் தாத்தாவின் டிரங்குப் பெட்டியிலும் இருந்தது.

அரசியல் என்று வந்தால் பெற்றோருக்குப் பயம். எந்தக் கட்சிப் புத்தகமோ, பிள்ளையின் மனதைக் கெடுத்துவிடுமோ என்று. என் வழி, ஒரே காலத்தைப் பற்றி இரண்டு பக்கத்துப் புத்தகத்தையும் சேர்த்துக் கொடுப்பது. அதற்குச் சேலத்தைவிடத் தோதான ஊர் இல்லை. ராஜாஜி இங்கே வழக்கறிஞராக இருந்தவர், 1917ல் சேலம் நகராட்சித் தலைவர் ஆனவர். 1937ல் மாகாணப் பிரதமரானதும் மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில், அக்டோபர் 1ஆம் தேதி. மறு வருடமே பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கி, எதிர்த்தவர்களைச் சிறைக்கு அனுப்பியவரும் அவர்தான். 1939ல் கோயில் நுழைவுச் சட்டம் கொண்டுவந்தவரும் அவர்தான். அந்த இந்தி எதிர்ப்பில் சிறை போன பெரியார், 1944 ஆகஸ்டில் நீதிக்கட்சியின் பெயரைத் திராவிடர் கழகம் என்று மாற்றிய மாநாட்டை நடத்தியதும் சேலத்தில்தான். இருவரைப் பற்றியும் அவரவர் ஆதரவாளர்கள் எழுதிய மெல்லிய புத்தகங்கள் நிறையக் கிடைக்கும், ஐம்பது அறுபது ரூபாய்தான். இரண்டையும் படித்துவிட்டு, ஒன்றில் இடம்பெற்று இன்னொன்றில் விட்டுப்போனது எது என்று பிள்ளைகளே கோடிட்டுக் கொண்டுவந்தார்கள். 1972ல் ராஜாஜி இறந்தபோது பெரியார் கண்ணீர் விட்டு அழுதார் என்பதைத்தான் அவர்களால் நம்பவே முடியவில்லை. நம்பாததால் தேடிப் போனார்கள், போய்ப் படத்தையும் கண்டுபிடித்தார்கள்.

எதை மறைப்பது என்ற கேள்வியும் வரும். 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் மத்திய சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கம்யூனிஸ்டுக் கைதிகள் இறந்தார்கள். நாடு குடியரசாகி மூன்று வாரம்கூட முடியவில்லை. அந்தச் சிறை வழியாகப் பேருந்தில் போய்வருகிற பிள்ளையிடம் இதைச் சொல்லாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ரத்தத்தை விவரித்துக்கொண்டே போகிற எழுத்தைத் தவிர்த்துவிடுவேன். அதிர்ச்சி அடைந்த பிள்ளை அதற்குமேல் எதையும் யோசிக்காது.

விலை, கனம் பற்றியும் சொல்ல வேண்டும். நூறு பக்கத்துக்குள் இருக்கிற புத்தகம், கண்ணை வருத்தாத எழுத்து, ஒரு வரைபடம். இவ்வளவு இருந்தால் போதும். நேஷனல் புக் டிரஸ்ட் தமிழில் போட்டிருக்கிற சின்னப் புத்தகங்கள் விலையும் குறைவு. வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம், உறுப்பினராகச் சேர்ந்துவிடுங்கள். முழுப் புத்தகமும் படித்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். ஓர் அத்தியாயம் போதும். உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' பெரிய நூல், பதினான்கு வயதில் முழுவதும் படிப்பது கடினம். ஆனால் அதில் 'என்ன பிரயோசனம்?' என்ற அத்தியாயத்தை மட்டும் படித்துப் பாருங்கள். 1880 அக்டோபர் 21, கும்பகோணத்துக்கு முன்சீபாக, அதாவது நீதிபதியாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார் சாமிநாதையர். தான் படித்த நூல்களை வரிசையாகச் சொல்கிறார், முதலியார் அசையவே இல்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். அந்தக் கேள்விதான் ஏழு வருடம் கழித்து அச்சில் வந்த சிந்தாமணிக்கும், அதன் பிறகு வந்த மற்றவற்றுக்கும் வழி திறந்தது. நம் ஊர்க்காரர் ஒருவர் கேட்ட கேள்வி. இதைப் படித்தபோது பிள்ளைகள் அந்த அறைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது போல இருந்தது.

கடைசியாக ஒன்று. இதை எழுதலாமா என்று கொஞ்சம் யோசித்தேன்.

அம்பேத்கர் தன் வாழ்க்கையிலிருந்து சில சம்பவங்களை மட்டும் எழுதிய ஒரு சின்ன நூல் உண்டு, 'விசாவுக்காகக் காத்திருக்கிறேன்' என்ற பொருளில் தலைப்பு. ஒரு மணி நேரத்தில் படித்துவிடலாம். 1901, அவர் சிறுவன். அப்பாவைப் பார்க்க ரயிலேறி மகாராஷ்டிரத்தில் மசூர் என்ற நிலையத்தில் இறங்குகிறார்கள், நல்ல சட்டை போட்டுக்கொண்டு. அழைத்துப்போக யாரும் வரவில்லை. என்ன சாதி என்று தெரிந்ததும் வண்டிக்காரர் யாரும் ஏற்றிக்கொள்ளத் தயாரில்லை. கடைசியில் இரண்டு மடங்கு கூலி, மாட்டைப் பிள்ளைகளே ஓட்ட வேண்டும், வண்டிக்காரர் கூட நடந்துவருவார் என்று பேசி முடிக்கிறார்கள். கையில் சாப்பாடு இருக்கிறது, குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. இரவெல்லாம் கட்டிய சாப்பாட்டை வைத்துக்கொண்டு பசியோடு கிடக்கிறார்கள்.

ஒரு வார்த்தை கூடுதல் கிடையாது அந்த எழுத்தில். பாப்பா அதை எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படித்தாள். முடித்ததும் புத்தகத்தை மூடாமல் அப்படியே எழுந்து உள்ளே போனாள். அம்மா தறிக்கு நூல் சுற்றுகிற தார்க் குச்சிகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். தறியை நிறுத்திப் பத்து வருடம் ஆகிவிட்டது, அந்தக் கூடையை மட்டும் தூக்கிப்போட மாட்டார்.

"ஆயா, நம்ம வீட்டுலயும் அப்படி இருந்துச்சா? யாருக்காவது தண்ணி குடுக்காம?"

அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் எதுவும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் சொன்னார். விறகு கொண்டுவருகிற ஒருவர் இருந்தாராம். வாசப்படிக்கு வெளியே நிற்பாராம். சொம்பை அவர் கையில் கொடுக்க மாட்டார்கள், உயரத் தூக்கி ஊற்றுவார்கள், அவர் இரண்டு கையையும் குவித்துப் பிடித்துக் குடிப்பார். "என் மாமியா அப்படித்தான் ஊத்தச் சொன்னாங்க. நானும் ஊத்தியிருக்கேன் கண்ணு." இதை அம்மா என்னிடம் இதுவரைக்கும் சொன்னதில்லை. அந்த வாசப்படியில்தான் நான் பல்லாங்குழி ஆடி வளர்ந்தேன்.

பாப்பா அழவும் இல்லை, ஆயாவைத் திட்டவும் இல்லை. "அவர் பேரு என்ன ஆயா?" என்று கேட்டாள். அம்மா ரொம்ப நேரம் யோசித்தார். பேர் தெரியவில்லை. எந்த ஊர் என்று கேட்டாள், அதுவும் தெரியவில்லை. எந்த வருடம் என்று கேட்டதற்கு, "உங்கப்பன் கைக்கொழந்தை" என்றார்.

அன்று சாயந்திரம் அவள் நோட்டை என்னிடம் காட்டினாள். ஒரு பக்கத்தில் ஆயா சொன்னதை ஆயா பேசிய மாதிரியே எழுதியிருந்தாள். அதற்குக் கீழே: சொன்னவர், ஆயா, வயது 76. கேட்ட நாள். இடம், அம்மாபேட்டை வீடு. நடந்தது அப்பா கைக்குழந்தையாக இருந்தபோது, எனவே சுமார் 1977. விறகுக்காரர் பெயர் தெரியவில்லை, ஊர் தெரியவில்லை. எதிர்த்த வீட்டுத் தாத்தாவிடம் கேட்க வேண்டும்.

அடுத்த பக்கத்தின் தலைப்பில் பண்ணவாடி என்று எழுதி, பரிசல் ஓட்டுகிறவர்களிடம் கேட்க வேண்டியவை என்று ஏழு கேள்விகள் போட்டிருந்தாள். இந்தக் கோடையில் தண்ணீர் இறங்கினால் போகிறோம். இறங்காவிட்டாலும் போவதாகத்தான் பேச்சு.